ஆயி கழுவிய நுரையீரல்

பன்றியின் நுரையீரலை எப்படிக் கழுவுவார்கள் என்று நான் முதலில் பார்த்தது சீனாவின் குவாங்சோ நகரில், என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் வீட்டில். கடையில் மூச்சுக்குழாய் அறுபடாமல் முழுசாகக் கேட்டு வாங்கி வருவார்கள். அதைத் தண்ணீர்க் குழாயில் செருகிப் பிடித்துக்கொண்டு திறந்துவிட்டால் நுரையீரல் மெதுவாக உப்பி ஒரு சின்னத் தலையணை அளவுக்கு வந்துவிடும். அப்புறம் இரண்டு கையாலும் அமுக்கிப் பிழிய, இளஞ்சிவப்பு நுரையும் தண்ணீருமாக வெளியே வரும். மறுபடி நிரப்பி மறுபடி பிழிந்து, பத்துப் பன்னிரண்டு தடவை ஆனபிறகு சிவப்பெல்லாம் போய் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அதைத் துண்டுபோட்டு, எண்ணெய் ஊற்றாத வாணலியில் நீர் வற்றும்வரை வறுத்து, பார்க்கப் பாதாம் மாதிரியே இருக்கும் ஆப்ரிகாட் விதைப் பருப்போடு மண்சட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால் பால் நிறத்தில் ஒரு சூப் வரும். குளிர்காலத்தில் இருமல் பிடித்தால் குவாங்டொங் மாகாணத்து வீடுகளில் இதுதான் கைமருந்து. நெஞ்சுச் சளிக்கு ஆட்டு நெஞ்செலும்பு சூப், ரத்தம் ஊற ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் என்று நம் வீடுகளில் இருக்கும் அதே நம்பிக்கைதான் அங்கேயும். எந்த உறுப்பு சரியில்லையோ அந்த உறுப்பைச் சாப்பிடு.

கழுவிக்கொண்டிருந்தவர் அந்தப் பெண்ணின் அம்மா. அங்கே அம்மா வயதுப் பெண்களை 'ஆயி' என்றுதான் கூப்பிடுவார்கள், சித்தி, அத்தை என்கிற பொருளில். அப்பாயி, அம்மாயி என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சொல் வாயில் உட்கார ஒரு நாள்கூட ஆகவில்லை. துணி, பட்டன், ஜிப் கொள்முதல் வேலைக்காக 2007-ல் போனவன் நான், சமையல் தெரியாது, மொழியும் அரைகுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயி வீட்டுச் சாப்பாடுதான் எனக்கு ஆறுதல். ஊரில் பன்றிக்கறி தொட்டதில்லை. அங்கே போய் ஆறு மாதத்தில் பழகிவிட்டது.

2009 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குத்தான் இருமல். எனக்காகத்தான் ஆயி காலையிலேயே சந்தைக்குப் போய் நுரையீரல் வாங்கி வந்தார். கூடவே கொஞ்சம் ஈரலும் வாங்கி இஞ்சி போட்டு வதக்கியிருந்தார். நான் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன், நுரையீரல் துண்டுகள் ஏனோ எனக்கு இறங்காது, பஞ்சை மெல்லுகிற மாதிரி இருக்கும், அதனால் ஒதுக்கிவிட்டேன். ஆயியும் அவர் கணவரும் எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள். மகள் அன்று ஊரில் இல்லை.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் இருக்கும். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆயியின் கை நடுங்கி மேஜையெல்லாம் சிந்தியது. வயதானவர், குளிர் வேறு என்று நினைத்தேன். அவர் கணவர் சோபாவில் சாய்ந்து நெஞ்சில் கை வைத்தபடி, "ஓடுது, ஓடுது" என்றார். என்ன ஓடுகிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார். பூட்டிய அறைக்குள் ஒரு பறவை மாட்டிக்கொண்ட மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறவர். எனக்கும் லேசாகத் தலை சுற்றல், விரல் நுனிகளில் ஒரு நடுக்கம், காரணமே இல்லாமல் பயம். மூன்று பேரும் டாக்சி பிடித்து மருத்துவமனைக்குப் போனோம்.

பணியில் இருந்த டாக்டர் நாடியைப் பார்த்தார், ஆயியின் நடுங்கும் விரல்களைப் பார்த்தார், பிறகு கேட்ட முதல் கேள்வியே "பன்றியின் உள்ளுறுப்பு ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்பதுதான். வாந்தி இருக்கிறதா, வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்றெல்லாம் அப்புறம்தான் கேட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்று மூவருக்கும் சலைன் ஏற்றினார்கள், அவர் கணவரை மட்டும் இதயத் துடிப்பைக் கவனிக்கும் கருவியோடு ஒரு இரவு வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் எல்லோரும் சரியாகிவிட்டோம். பன்றித் தீவனத்தில் கலக்கிற ஒரு மருந்து இப்படிச் செய்யும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் ரத்தத்திலோ சிறுநீரிலோ அந்த மருந்து இருந்ததா என்று யாரும் பரிசோதித்து எங்களுக்குச் சொல்லவில்லை, அதனால் இதுதான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அதே மாதம் குவாங்சோவில் பன்றிக்கறியும் உள்ளுறுப்பும் சாப்பிட்ட 70 பேர் இதே அறிகுறிகளோடு விழுந்தார்கள் என்று செய்தி வந்தது. பன்றிகள் வந்தது பக்கத்து மாகாணமான ஹூனானிலிருந்து.

இவ்வளவு நாள் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த நடுக்கம்கூட இல்லை. மருத்துவமனை வராந்தாவில், கையில் சலைன் ஊசியோடு, ஆயி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "நான் சரியாகக் கழுவவில்லை, இன்னும் ரெண்டு தடவை பிழிந்திருக்க வேண்டும், உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பன்னிரண்டு தடவை கழுவியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஆனால் அன்றைக்கு எனக்கும் ஒன்றும் தெரியாது, அதனால் "பரவாயில்லை ஆயி" என்றுதான் சொன்னேன். பரவாயில்லை என்றால் தப்பு உங்களுடையதுதான், மன்னித்துவிட்டேன் என்றுதானே அர்த்தம். அந்தச் சொல் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

சரி, அது என்ன மருந்து? கிளென்புடரால். மூச்சிரைப்புக்கான மருந்து. மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தி மூச்சு விட வைக்கும், பல நாடுகளில் மனிதர்களுக்கும் குதிரைகளுக்கும் டாக்டர் எழுதிக் கொடுப்பதுதான். மூச்சுக்குழாயில் அது போய் ஒட்டிக்கொள்ளும் அதே வகை வாங்கிகள் கொழுப்புச் செல்களிலும் தசைச் செல்களிலும் இருக்கின்றன. வைத்தியத்துக்குக் கொடுப்பதைப் போல ஐந்து பத்து மடங்கு அதிகமாகக் கால்நடைக்குக் கொடுத்தால் கொழுப்பு கரைந்து தசை ஏறுகிறது. தின்கிற தீவனம் அதேதான், ஆனால் கொழுப்பாகப் போக வேண்டியது கறியாகப் போகிறது. சீனாவில் இதை ஷோ-ரோ-ஜிங் என்பார்கள், மெலிந்த கறிக்கான சாரம் என்று சொல்லலாம். தீவனத்தில் கலக்கிற வெள்ளைப் பொடி. பன்றியின் பின்பக்கம் உருண்டு திரண்டு, தொடைகள் பருத்து, பார்க்கப் பயில்வான் மாதிரி ஆகிவிடும், ஆனால் கால் நடுங்கும், லாரியில் ஏற்றினால் நிற்க முடியாமல் சரிந்து விழும். ஆயியின் கையில் நான் பார்த்த நடுக்கத்தை அதற்கு முன்னாடி அந்தப் பன்றி அனுபவித்திருக்கிறது.

பன்றியின் உடம்பில் இது எல்லா இடத்திலும் ஒரே அளவில் தங்குவதில்லை. சாதாரணக் கறியில் குறைவு. ஈரல், நுரையீரல், சிறுநீரகம் இவற்றில் அதிகம், கண்ணில் இன்னும் அதிகம், ஆய்வகக்காரர்கள் விழித்திரையை எடுத்துப் பரிசோதிப்பது அதனால்தான். ஆக முதலில் விழுகிறவர்கள் உள்ளுறுப்பு சாப்பிடுகிறவர்கள். விலை குறைவு என்று வாங்குகிறவர்கள், ரத்தச்சோகைக்கு ஈரல் நல்லது என்று கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் ஆக்கிப் போடுகிறவர்கள், இருமலுக்கு நுரையீரல் சூப் வைக்கிறவர்கள். இதய நோய் இருந்தால் இன்னும் ஆபத்து.

கழுவினால் போகுமா? போகாது. அது மேலே ஒட்டியிருக்கும் அழுக்கு இல்லை, திசுவுக்குள்ளேயே இருக்கிறது. கொதிக்கவைத்தால்? கொதிநீரின் சூடு அதை ஒன்றும் செய்வதில்லை. ஆய்வகத்தில் 260 டிகிரி எண்ணெயில் போட்டால்தான் ஐந்து நிமிடத்தில் பாதி அழிகிறது, எந்த வீட்டு அடுப்பிலும் யாரும் அந்தச் சூட்டில் சமைப்பதில்லை. கெட்டுப்போன கறி என்றால் மூக்கு சொல்லிவிடும். புழு என்றால் கண் சொல்லும். கிருமி என்றால் நெருப்பு கொன்றுவிடும். நம் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கும் மோந்து பார்த்தல், மஞ்சள் தடவுதல், நன்றாக வேகவைத்தல் எல்லாமே இதன் முன்னால் தோற்றுப்போகின்றன. கண்ணால் பார்த்தாலோ அந்தக் கறி மற்றதைவிட அழகாக இருக்கும், நல்ல சிவப்பு, கொழுப்பே இல்லாமல்.

கொழுப்பே இல்லாமல். இந்த இடத்தில்தான் என் மனது நிற்கிறது. நான் ஊரில் கறிக்கடை முன்னால் நின்று எத்தனை தடவை "அண்ணே, கொழுப்பு இல்லாம போடுங்க" என்று சொல்லியிருப்பேன். எல்லா ஊரிலும் எல்லோரும் அதைத்தான் கேட்கிறோம். அப்படிக் கேட்கக் கேட்க மெலிந்த கறிக்கு விலை ஏறுகிறது, வியாபாரி மெலிந்த பன்றியாகத் தேடி வாங்குகிறான், வளர்க்கிறவனிடம் ஒருவன் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்து, இதைக் கலந்தால் நல்ல விலை கிடைக்கும் என்கிறான். அறுக்குமுன் சில வாரங்கள் நிறுத்தினால் மருந்து உடம்பைவிட்டு இறங்கிவிடும், ஆனால் நிறுத்தினால் கொழுப்பும் திரும்பத் தலைகாட்டும். அதனால் கடைசி நாள்வரை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் விரும்பியது கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். இதில் வளர்க்கிறவன் மட்டும்தான் பாவி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்தப் பொடியைத் தயாரித்தவன் மீது மட்டும் எனக்கு இரக்கம் இல்லை, அவனுக்கு அது என்னவென்று முழுசாகத் தெரியும்.

இது சீனாவின் வியாதி என்று அப்போது நினைத்தேன். தேடிப் படிக்கப் படிக்க அது தவறு என்று புரிந்தது. ஐரோப்பாவில் முதலில் நடந்தது. 1990 வாக்கில் ஸ்பெயினில் 43 குடும்பங்களைச் சேர்ந்த 135 பேர் மாட்டு ஈரல் சாப்பிட்டு விழுந்தார்கள். சாப்பிட்டதிலிருந்து அரை மணிக்கும் ஆறு மணி நேரத்துக்கும் நடுவில் நடுக்கம், படபடப்பு, தலைவலி. ஏறக்குறைய 40 மணி நேரம் நீடித்தது. மிச்சமிருந்த ஈரலைப் பரிசோதித்தபோது கிலோவுக்கு 160 முதல் 291 மைக்ரோகிராம் வரை மருந்து இருந்தது. மூச்சிரைப்புக்காரருக்கு ஒரு வேளைக்கு டாக்டர் கொடுப்பதே 20 முதல் 40 மைக்ரோகிராம்தான். அதாவது கால் கிலோவுக்கும் குறைவான ஈரல் ஒரு முழு மாத்திரையைவிட மேலே போய்விடுகிறது, அதையே ஒரு குழந்தை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதே ஆண்டு பிரான்சில் கன்றுக்குட்டி ஈரல் சாப்பிட்டு 22 பேர். இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் பிற்பாடு நடந்தது. பெல்ஜியத்தில் கால்நடைக்கு ஊக்கமருந்து விற்கிற கும்பலைத் துருவிக்கொண்டிருந்த கரேல் வான் நோப்பன் என்கிற அரசுக் கால்நடை மருத்துவரை 1995 பிப்ரவரியில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். கறி பரிசோதிக்கிற ஒரு டாக்டரைக் கொல்லும் அளவுக்கு அதில் காசு இருந்திருக்கிறது. அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை மருந்துகளைக் கால்நடையைக் கொழுக்க வைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டத்தை இறுக்கியது.

சீனாவும் 1997-லேயே தீவனத்தில் இதைக் கலக்கத் தடை போட்டுவிட்டது. 1998-ல் ஹாங்காங்கில் 17 பேர் விழுந்தார்கள், பன்றி நுரையீரல் சூப் குடித்து. இந்தத் தகவலைப் படித்தபோது எனக்கு உடம்பே சில்லிட்டது, எங்களுக்கு நடந்ததற்குப் பதினோரு வருஷம் முன்னாடி, ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில், அதே சூப். ஹாங்காங்காரர்கள் அதைச் சும்மா விடவில்லை. சட்டம் கொண்டுவந்தார்கள், அறுப்புக்கூடத்துக்கு வரும் பன்றிகளின் சிறுநீரைப் பிடித்துப் பரிசோதித்தார்கள், மருந்து இருந்தால் அந்தக் கறி கடைக்குப் போகாது. அதன்பிறகு அங்கே இப்படி விழுகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். எந்த ஆயியும் பன்னிரண்டு தடவைக்குப் பதில் இருபது தடவை கழுவியதால் வந்த மாற்றம் இல்லை இது. நோயை நிறுத்தியது சமையலறைக்கு வெளியே, பன்றி உயிரோடு நிற்கும்போது, ஒரு குப்பிச் சிறுநீரில் நடந்த பரிசோதனை.

ஹாங்காங்குக்கு வெளியே, சீனப் பெருநிலத்தில் அது நடக்கவில்லை, அல்லது பேப்பரில் மட்டும் நடந்தது. 2006 செப்டம்பரில் ஷாங்காயில் முந்நூறு பேருக்கு மேல். 2009-ல் குவாங்சோவில் எங்கள் ஊர்ச் சம்பவம். பிறகு 2011 மார்ச் 15, நுகர்வோர் உரிமை நாள். ஒவ்வொரு வருஷமும் அன்று சீன அரசுத் தொலைக்காட்சி ஏதாவது ஒரு மோசடியை அம்பலப்படுத்தும், எந்தக் கம்பெனி மாட்டப்போகிறது என்று நாடே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வருஷம் ஹனான் மாகாணத்துப் பண்ணைகளைக் காட்டினார்கள், முன்னால் சொன்ன ஹூனான் வேறு, இது வேறு. தீவனத் தொட்டியில் வெள்ளைப் பொடி. உருண்ட பின்பக்கத்தோடு தடுமாறி நடக்கும் பன்றிகள். காசு கொடுத்தால் பன்றியைப் பார்க்காமலே கிடைக்கும் சான்றிதழ். அந்தப் பன்றிகளை வாங்கியது சீனாவின் மிகப் பெரிய இறைச்சிக் கம்பெனியான ஷுவாங்ஹுய், அதன் ஜியுவான் தொழிற்சாலை. '18 பரிசோதனைகள், 18 நிம்மதிகள்' என்று விளம்பரம் செய்த கம்பெனி அது. அந்தப் பதினெட்டில் இந்த மருந்துக்கான பரிசோதனை இல்லை. மாத இறுதியில் கம்பெனித் தலைவர் ஆயிரக்கணக்கான ஊழியர்கள், வியாபாரிகள் முன்னால் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். பொடியைத் தயாரித்த ஆளுக்கு ஜூலை மாதம் ஹனான் நீதிமன்றம் இரண்டு ஆண்டு ஒத்திவைப்போடு மரண தண்டனை கொடுத்தது.

நான் அந்த நிகழ்ச்சியை ஆயி வீட்டில், அதே சோபாவில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அதே 2011 கோடையில் மெக்சிகோவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. ஊக்கமருந்துப் பரிசோதனைக்காக 208 பையன்களின் சிறுநீரை எடுத்தார்கள், 109 பேரிடம் கிளென்புடரால். பாதிக்கு மேல்! இத்தனை நாட்டுப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து ஊக்கமருந்து எடுத்திருக்க முடியாது இல்லையா, அணிகள் தங்கிய ஹோட்டல் கறியை வாங்கிப் பரிசோதித்தார்கள், 47 மாதிரிகளில் 14-ல் இருந்தது. போட்டியை நடத்திய மெக்சிகோ அணிக்கு மட்டும் விஷயம் முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் கொஞ்ச நாள் முன்னால்தான் அவர்களுடைய பெரியவர்கள் அணியில் ஐந்து பேர் இதே காரணத்தால் மாட்டியிருந்தார்கள். அதனால் பையன்களுக்குக் கறியை நிறுத்திவிட்டு மீனும் காய்கறியுமாகப் போட்டார்கள். கோப்பையையும் அவர்களே ஜெயித்தார்கள். எனக்கு இந்தச் செய்தியில் கோப்பையைவிட முக்கியமாகப் பட்டது வேறு: அந்த 109 பேரில் எவருக்காவது நடுக்கமோ படபடப்போ வந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை, பரிசோதிக்காமல் விட்டிருந்தால் தெரியவே போவதில்லை. விளையாட்டு வீரர்கள் என்பதால் பிடிபட்டது. அதே ஊரில் அதே கறியை தினமும் தின்றவர்களின் சிறுநீரை யாரும் பார்க்கவில்லை. ஓட்டப்பந்தயம், சைக்கிள், குத்துச்சண்டை என்று ஊக்கமருந்தில் பிடிபட்ட பலர் "கறியில் இருந்தது" என்கிறார்கள். சைக்கிள் வீரர் அல்பெர்தோ கோந்தாதோரும் 2010-ல் அதைத்தான் சொன்னார், நடுவர் மன்றம் ஏற்கவில்லை, பட்டம் பறிபோனது. யார் சொல்வது உண்மை என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். கடைசியில் 2019-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பே, ஒரு மிகச் சிறிய அளவுக்குக் கீழே இருந்தால் கறியிலிருந்து வந்ததா என்று விசாரித்த பிறகுதான் முடிவு எடுக்க வேண்டும் என்று விதி வைத்தது.

ஊர் திரும்பிய பிறகு இந்தக் கதையைச் சொன்னால் "அதான் சீனாக்காரன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வரும். கால்நடை உடம்பில் தங்கிய மருந்து சாப்பிட்டவரைக் கொல்லும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய சாட்சி நம் தலைக்கு மேலே இருந்தது, அதை நாம் பார்க்காமல் விட்டோம். பாறு கழுகுகளைச் சொல்கிறேன். மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவார்கள். ஊசி போட்ட கொஞ்ச நாளில் மாடு செத்தால் சடலம் வெளியே கிடக்கும், கழுகுகள் தின்னும், தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து சில நாளில் மரக்கிளையில் தலை தொங்கிச் செத்துப்போகும். தொண்ணூறுகளில் தொடங்கி பதினைந்து இருபது ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டது. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள், 2006-ல் கால்நடைக்குக் கொடுக்கத் தடை வந்தது. தமிழ்நாட்டில் இப்போது அவற்றைப் பார்க்க வேண்டும் என்றால் மோயாறுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். இதில் ஒரு கணக்கு என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அந்த அளவு அழிவு வர நூறு சடலத்தில் ஒன்றில்கூட அந்த மருந்து இருக்கத் தேவையில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே போதும். ஒரு சடலத்தில் பத்து, நூறு என்று பறவைகள் கூடித் தின்னும், நாளைக்கு இன்னொன்று. கழுகு கழுவிச் சமைப்பதில்லை, ஆனால் சமைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் பெரிய குப்பிகளில் கடையில் கிடைத்ததால் மாட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள், 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தபிறகுதான் கொஞ்சம் கட்டுக்குள் வந்தது. தடை என்று எழுதிவிட்டால் நின்றுவிடாது என்பதற்கு ஹனானும் நம் ஊரும் ஒரே பாடத்தைத்தான் காட்டுகின்றன.

ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் நமக்கென்ன, அது பன்றி விஷயம் என்று இருந்துவிடவும் முடியாது. பத்து வருஷம் கழித்து, 2021-ல், அதே மார்ச் 15 நிகழ்ச்சியில் சீனத் தொலைக்காட்சி ஹெபெய் மாகாணத்தின் சிங் மாவட்டத்தைக் காட்டியது. இந்தத் தடவை செம்மறி ஆடுகள். அதே பொடி, அதே காரணம், மெலிந்த கறிக்கு விலை. மாட்டியவர்களைச் சிறையில் போட்டும், ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தும், பத்து வருஷத்தில் வேறொரு மாகாணத்தில் வேறொரு விலங்கின் தொட்டிக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆயி விஷயத்துக்கு வருகிறேன். 2011-ல் அந்த நிகழ்ச்சி ஓடியபோது நாங்கள் நாலு பேர் இருந்தோம், மகளும் இருந்தாள். உருண்ட பன்றிகள் தடுமாறி நடப்பதைக் காட்டியதும் ஆயியின் கணவர் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார், அவரை அறியாமலே வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். நான் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை என் உடைந்த மாண்டரினில் சொன்னேன், மகள் அதைக் கன்டோனீஸில் சரியாகச் சொன்னாள். தண்ணீரில் போகாது, கொதித்தாலும் போகாது, நீங்கள் நூறு தடவை பிழிந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், அன்றைக்கு நான் 'பரவாயில்லை' என்று சொன்னது தப்பு. ஆயி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மகளிடம் ஏதோ கேட்டார். மகள் எனக்கு மொழிபெயர்க்கத் தயங்கினாள். "அப்படியென்றால் அதைக் கழுவ வேண்டியது யார்?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நுரையீரல் வரவில்லை. எனக்கு இருமல் வந்தால் கேரட், மக்காச்சோளம், பன்றி எலும்பு போட்ட சூப். 2012-ல் நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஆயியோடு சந்தைக்குப் போனேன். கறியில் தோலுக்கும் சதைக்கும் நடுவே கொழுப்பு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை என்றால் வாங்காதீர்கள் என்று அப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது உறுதியான பரிசோதனை இல்லை, மருந்தே இல்லாத மெலிந்த பன்றியும் உண்டு, கொழுத்த பன்றியில் மருந்தும் இருக்கலாம். அதை ஆயியிடம் நான் சொல்லவில்லை. அவர் மூன்று கடை ஏறி இறங்கி, தொங்கவிட்டிருந்த ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சுண்டுவிரலை வைத்துக் கொழுப்பின் தடிமனை அளந்துகொண்டே போனார், நகத்தின் அகலத்தைத் தாண்டினால்தான் நின்று விலை கேட்டார்.